வெயில் ஏற ஏற ஏசி படுத்துடுது, திருகோணமலையில யாராச்சும் வழி சொல்லுங்கோ

உவர்மலை_ஹயர்:
எல்லாருக்கும் வணக்கம். என்னட்ட இருக்கிறது வேகன்ஆர் 2015. டவுனில இருந்து உப்புவெளி நிலாவெளி ஹோட்டல்களுக்கு ஹயர் ஓடுறன். காலமையில ஏசி நல்லா குளிருது, நிண்டாலும் குளிருது ஓடினாலும் குளிருது. பதினொரு மணிக்குப் பிறகு வெயில் ஏற ஏற குறைஞ்சு கொண்டே போய், மத்தியானம் மத்திய வீதியில சனத்துக்குள்ள ஊந்து ஊந்து போகேக்க வெறும் காத்துத்தான் வருது. ஆனா அதே மத்தியானம் கண்டி வீதியால கந்தளாய்ப் பக்கம் விட்டால் திரும்பவும் குளிருது. போன மாசம் ஒரு கராஜில குடுத்து காஸ் அடிச்சன், கொஞ்ச நாள் பரவாயில்லாமல் இருந்தது, இப்ப முந்தி இருந்ததை விட மோசம், நிக்கேக்க பொனட்டுக்குள்ள டக் டக் எண்டு இடைக்கிட ஒரு சத்தமும் கேக்குது. வேற ஒரு இடத்தில காட்டினால் கொம்பிரசர் (ஏசி காஸை அமுக்கிச் சுத்த விடுற பம்ப்) போயிட்டுது, கொழும்பு பஞ்சிகாவத்தையில ரீகண்டிஷன் ஒண்டு எடுத்துப் போடுவம் எண்டுறாங்கள். சீசன் நேரம், ஏறின ஆக்கள் முதல் கேக்கிறதே ஏசியைத்தான், லீசிங்கும் கட்டவேணும். தெரிஞ்ச ஆக்கள் கொஞ்சம் சொல்லுங்கோ, உண்மையா கொம்பிரசர்தானோ?

மட்கோ_தம்பி:
அண்ணா ஏசி ஃபில்டர் பாத்தீங்களோ? டேஷ்போட் பெட்டியைக் கழட்டினால் பின்னால இருக்கும். எங்கட வீட்டு வாகனத்தில அதைக் கழட்டினால் முழுக்க இலையும் மண்ணும், மாத்தினவுடன காத்து ரெண்டு மடங்கு வந்தது. பெரிய செலவும் இல்ல.

உவர்மலை_ஹயர்:
பாத்தன் தம்பி, ஊத்தைதான், மாத்திட்டன். காத்து இப்ப நல்ல பலமா வருது, ஆனா மத்தியானம் அந்தக் காத்து குளிரில்லை, அதுதான் பிரச்சினை. ஐட்லிங் ஸ்டொப்பை (நிக்கேக்க எஞ்ஜின் தானா ஓஃப் ஆகிறதை) எப்பவும் ஓஃப் பண்ணித்தான் ஓடுறன், அதையும் சொல்லிப்போட்டன்.

சீனக்குடா_கூலிங்:
தம்பி, கொம்பிரசருக்குக் காசு குடுக்க முன்னம் கொஞ்சம் பொறுங்கோ. நான் ஐஸ் பிளாண்டிலயும் வாகன ஏசியிலயும் கன காலம் வேலை செய்தவன், இந்த வெயில் காலம் வந்தால் இதே கதையோட வாகனம் வரும், அரைவாசிக்கு மேல கொம்பிரசரில ஒரு குறையும் இருக்காது.

நீங்க எழுதினதுக்குள்ளயே பாதி விடை கிடக்கு. ஓடேக்க குளிருது, நிண்டால் இல்லை. வெயில் குறைவான நேரம் நிண்டாலும் குளிருது. அப்ப வாகனத்துக்குள்ள இருக்கிற சூட்டை ஏசி எடுக்குது, எடுத்த சூட்டை வெளிய விட ஏலாமல் நிக்குது. வெளிய விடுற இடம் கொண்டென்சர், ரேடியேட்டருக்கு முன்னால இருக்கிற மெல்லிய சட்டம். ஓடேக்க காத்து தானா அதுக்குள்ளால போகும், நிக்கேக்க ஃபேன்தான் இழுக்கவேணும். அந்த இடம் அடைச்சிருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆளை ஓடச் சொல்லுற மாதிரித்தான்.

கொம்பிரசர் தேஞ்சாலும் ஐட்லிங்கில குறையும், அதை மறைக்கேல்ல. ரெண்டையும் பிரிச்சுப் பாக்கிறது லேசு. மத்தியானம் வாகனத்தை நிப்பாட்டி வைச்சு, ஏசியைப் போட்டு, 2000 ஆர்பிஎம் அளவுக்கு ரேஸ் பண்ணிப் பிடியுங்கோ. தேஞ்ச கொம்பிரசர் எண்டால் ரேஸ் பண்ண குளிர் கூடும். காத்துப் பிரச்சினை எண்டால் ரேஸ் பண்ணினாலும் கூடாது, சில நேரம் இன்னும் மோசமாகும்.

அடுத்தது தாள். சாதாரண கொப்பித் தாள் ஒண்டை எடுத்து, ஏசி ஓடேக்க கொண்டென்சருக்கு முன்பக்கத்தில பிடிச்சு விடுங்கோ. ஃபேன் ஒழுங்கா இழுத்தால் தாள் ஒட்டிக்கொண்டு நிக்கும். விழுந்தால் ஒண்டில் ஃபேன் பலமில்லை, இல்லாட்டி இடையில அடைப்பு. தாளை வெளிய தள்ளினால் ஃபேன் மோட்டர் மாத்தின ஆரோ வயரை மாறிக் குடுத்திருக்கினம், அது மற்றப் பக்கமாச் சுத்துது. அதுவும் நான் கண்டிருக்கிறன்.

கடைசியா தண்ணி. ஏசி சூடா வாற நேரத்தில ஹோஸ் பைப்பால கொண்டென்சர் மேல மெதுவா நல்ல தண்ணி விடுங்கோ, உள்ளுக்கு ஒராள் இருந்து நடு வெண்டில கை வைச்சுக் கொண்டிருக்கட்டும். ஒரு நிமிஷத்துக்குள்ள காத்து குளிரத் தொடங்கினால் கொம்பிரசரை விட்டுடுங்கோ.

இந்த மூண்டையும் செய்து போட்டு வந்து எழுதுங்கோ, மிச்சத்தை அதுக்குப் பிறகு கதைப்பம்.

கிண்ணியா_வான்:
அண்ணன் சொல்றது சரி. எண்ட டொல்பின் வானுக்கு வந்த வருத்தம் வேற மாதிரி, வாசிக்கிற ஆக்களுக்கு உதவும் எண்டு எழுதுறன். காலையில மூதூர் போய் வரக்குள்ள முன்னுக்கும் பின்னுக்கும் நல்ல குளிர். பகல்ல ஒரு மணித்தியாலம் ஓடினா திடீரெண்டு ரெண்டு பக்கமும் சூடு, ஓடினாலும் சூடு நிண்டாலும் சூடு. வாகனத்த நிழல்ல விட்டு எஞ்ஜின் ஆறின பிறகு திரும்ப வரும். எல்லாரும் காஸ் காஸ் எண்டாங்க. கடைசியில ஒரு எலக்ட்ரீசியன் தம்பிதான் பொனட்டத் திறந்து வெச்சுப் பாத்துச் சொன்னான். பெல்ட் ஓடுற புலி (சில்லு) சுத்துது, அதுக்கு முன்னால உள்ள தட்டு சும்மா நிக்குது. கொம்பிரசரைப் புலியோட சேக்கிற கிளச் பிடிக்கல்ல.

சீனக்குடா_கூலிங்:
நானா சொன்னது அருமையான விஷயம், இதை ஒருத்தரும் பாக்கிறதில்லை. கிளச் தட்டு தேயத் தேய தட்டுக்கும் புலிக்கும் இடையில இருக்கிற இடைவெளி கூடும். கனக்க வாகனங்களில அது 0.3 இல இருந்து 0.6 மில்லிமீட்டருக்குள்ள இருக்கவேணும். சூடேறினால் கிளச்சுக்குள்ள இருக்கிற காந்தக் கொயிலின்ட ரெசிஸ்டன்ஸ் கூடும், கரண்ட் குறையும், காந்தம் பலமிழக்கும், அப்ப தூரத்தில நிக்கிற தட்டை இழுக்க ஏலாது. ஆறினால் திரும்பப் பிடிக்கும். தட்டைக் கழட்டி உள்ளுக்கு இருக்கிற மெல்லிய வாஷர் ஒண்டைக் குறைச்சு இடைவெளியைச் சரி பண்ணினால் கன வாகனம் அதோட சுகமாகும், கொயில் எரிஞ்சிருந்தால் கிளச்சை மட்டும் மாத்தலாம். ரிலேயையும் ஒருக்கா மாத்திப் பாக்கவேணும். ஒரு விஷயம், எஞ்ஜின் ஓடேக்க கண்ணால மட்டும் பாருங்கோ, பெல்ட்டுப் பக்கம் கையோ சாரமோ கிட்டப் போகக் கூடாது.

ஆறாம்கட்டை:
எல்லாரும் ஏன் இவ்வளவு சிக்கலாக்கிறீங்கள், காஸ் வருஷத்துக்கு ஒருக்காக் குறையிறது வழமைதானே. இப்ப சின்ன டின்னில வருது, ஹோஸோட சேத்து ஒன்லைனில எடுக்கலாம், லோ சைட்டில (அமுக்கம் குறைஞ்ச பக்கக் குழாயில) கொழுவி நாங்களே அடிக்கலாம். குளிர் வரும் வரைக்கும் விடவேண்டியதுதான். எங்கட பக்கம் கனபேர் அப்பிடித்தான் செய்யினம்.

சீனக்குடா_கூலிங்:
தம்பி கோவிக்காதேங்கோ, இதில நான் விட்டுக் குடுக்க மாட்டன். காஸ் எரிஞ்சு முடியிற சாமான் இல்லை, அடைச்ச குழாய்க்குள்ள சுத்திக் கொண்டிருக்கிறது. ஹோஸ் வழியாலயும் சீல் வழியாலயும் கன வருஷத்தில கொஞ்சம் போகும், அது சரி. வருஷத்துக்கு ஒருக்கா அடிக்கவேண்டி வந்தால் எங்கயோ ஓட்டை இருக்கு. சோப்பு நுரையோ, காஸுக்குள்ள கலக்கிற மையோ போட்டுத் தேடலாம். ஜொயின்டில எண்ணெய்ப் பிசுக்கும் அதில மண்ணும் ஒட்டியிருந்தால் முதல் அந்த இடத்தைப் பாருங்கோ.

குளிர் வரும் வரைக்கும் விடுறது எண்டது பிழையான வழி. குறைஞ்சாலும் குளிராது, கூடினாலும் குளிராது. ஒவ்வொரு வாகனத்துக்கும் எத்தனை கிராம் எண்டு பொனட்டுக்குக் கீழ ஸ்டிக்கரில இருக்கும், சின்ன வாகனங்களுக்கு அது மிகக் கொஞ்சம், ஒரு டின்னில கால்வாசி கூடினாலே வித்தியாசம் தெரியும். சும்மா நிக்கிற வாகனத்தில கேஜை (அமுக்கமானியை) போட்டுப் பாத்து காஸ் நிறைய இருக்கு எண்டு சொல்லுறதையும் நம்பாதேங்கோ. ஆர்134ஏ (கன வாகனங்களின்ட ஏசிக்குப் போடுற காஸ்) 30 பாகையில கிட்டத்தட்ட 95 - 100 பிஎஸ்ஐ காட்டும், உள்ளுக்கு 150 கிராம் இருந்தாலும் அதுதான், 400 கிராம் இருந்தாலும் அதுதான். திரவம் கொஞ்சம் இருந்தால் போதும், அமுக்கம் வெப்பநிலையைப் பொறுத்துத்தான் நிக்கும், அளவைப் பொறுத்து இல்லை. அளவு அறிய ஒரே வழி முழுசா எடுத்து நிறுக்கிறது.

மற்றது டின்னுக்குள்ள என்ன இருக்கெண்டு ஆருக்குத் தெரியும்? ஆர்134ஏ எண்டு லேபல் ஒட்டி சமையல் காஸ் வகை கலந்து விக்கிறது உலகம் முழுக்க நடக்குது. அதை விடப் பயங்கரம் ஆர்40 எண்ட வேற காஸ் கலப்பு. அது அலுமினியத்தோட சேந்தால் வெடிக்கக் கூடிய சாமான் உண்டாகும். 2011 இல வியட்நாமிலயும் பிரேசிலிலயும் ரீஃபர் (குளிரூட்டி) கொண்டெய்னர்கள் வெடிச்சு வேலையாக்கள் செத்தது இப்பிடிக் கலப்பு காஸாலதான். ஏசியில வேலை செய்யிற பெடியங்களின்ட உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இது, அதால சொல்லுறன்.

ஆறாம்கட்டை:
சரி அண்ணே, கலப்புக் கதை எனக்குத் தெரியாது. அப்ப கேஜால ஒரு பிரயோசனமும் இல்லையோ?

சீனக்குடா_கூலிங்:
இருக்கு இருக்கு, ஓடேக்க பாக்கவேணும், ரெண்டு பக்கத்தையும் சேத்துப் பாக்கவேணும். எங்கட மத்தியான வெயிலில ஆர்134ஏ வாகனம் ஒண்டில லோ சைட் 30 - 45, ஹை சைட் 200 - 250 பிஎஸ்ஐ அளவில நிண்டால் சரி எண்டு எடுக்கலாம், வாகனத்துக்கு வாகனம் கொஞ்சம் மாறும். ரெண்டும் குறைவெண்டால் காஸ் காணாது. ரெண்டும் கூடவெண்டால் காஸ் கூட, இல்லாட்டி கொண்டென்சருக்குக் காத்துக் காணாது, இல்லாட்டி வக்யூம் அடிச்சு பம்பால இழுக்காமல் உள்ளுக்குக் காத்து நிண்டிட்டுது. லோ கூடி ஹை குறைஞ்சால்தான் கொம்பிரசரைச் சந்தேகப்படலாம். லோ வக்யூமுக்குப் போனால் எக்ஸ்பான்ஷன் வால்வில (காஸைக் கூலிங் கொயிலுக்குள்ள விடுற சின்ன வாயில) அடைப்பு, எங்கட கடற்கரை ஈரத்தில உள்ளுக்குத் தண்ணி போய் அந்த இடத்தில ஐஸ் கட்டுறதும் உண்டு. அதுக்குத்தான் காஸ் அடிக்க முன்னம் அரை மணித்தியாலமாவது வக்யூம் போடவேணும், சில இடங்களில அஞ்சு நிமிஷத்தோட முடிக்கினம்.

உவர்மலை_ஹயருக்கு டக் டக் சத்தம் கேக்குதெண்டால் எனக்கு ஹை சைட் அமுக்கத்திலதான் சந்தேகம். அமுக்கம் எல்லை மீறினால் சுவிட்ச் கொம்பிரசரை வெட்டும், குறைஞ்சவுடன திரும்பப் போடும், கிளச் விட்டு விட்டுப் பிடிக்கிற சத்தம் அது.

பாலையூற்று_டீச்சர்:
இடையில கேக்கிறதுக்கு மன்னிக்கவும். எங்கட டொயோட்டா அக்வா. தம்பலகாமத்தில பள்ளிக்கூடம், விடிய போய் மத்தியானம் ரெண்டு மணிக்கு வெளிக்கிடுவன். தொடக்கத்தில நல்ல குளிர், வீட்டை கிட்டவாக காத்தே வராது, ஃபேன் சத்தம் மட்டும் பெரிசாக் கேக்கும். ஏசியை ஓஃப் பண்ணிக் கொஞ்ச நேரம் விட்டால் திரும்ப வரும், ஒரு பூஞ்சண மணமும் இருக்கு. கராஜில காட்டினால் பெல்ட் லூஸ் எண்டு சொன்னவை.

சீனக்குடா_கூலிங்:
டீச்சர், அக்வாவில ஏசி கொம்பிரசருக்குப் பெல்ட்டே இல்லை. அது பற்றரியில ஓடுற மின் கொம்பிரசர், 140 வோல்ட்டுக்கு மேல உள்ள சாமான். பெல்ட் எண்டு சொல்லுற இடத்தில அந்த வாகனத்தைத் தொட விடாதேங்கோ, உண்மையாத்தான் சொல்லுறன். அதுக்குள்ள போடுற எண்ணெயும் வேற. சாதாரண வாகனத்துக்குப் போடுற பிஏஜி எண்ணெயை ஹைபிரிட்டில போட்டால் கரண்ட் கசிஞ்சு பிழைக் கோட் விழும், பிறகு கொம்பிரசரோட சேத்து லைன் முழுக்கக் கழுவவேண்டி வரும். ஒரே ஹோஸால எல்லா வாகனத்துக்கும் காஸ் அடிக்கிற இடமெண்டால் அதையும் கேட்டுப் பாருங்கோ, ஹோஸுக்குள்ள நிண்ட எண்ணெயே காணும் கெடுக்கிறதுக்கு.

உங்கட வருத்தம் உள்ளுக்கு இருக்கிற கூலிங் கொயிலில ஐஸ் பிடிக்கிறது. ஐஸ் கட்டினால் காத்துப் போக வழியில்லை, ஓஃப் பண்ணினால் உருகும், திரும்ப வரும். ஃபில்டர் அடைச்சு காத்துக் குறைஞ்சாலும் அப்பிடி வரும், குளிரை அளக்கிற சின்ன சென்சர் பிழைச்சாலும் வரும். முதல் ஃபில்டரை மாத்துங்கோ, கொயிலையும் கழுவச் சொல்லுங்கோ, மணமும் அதோட போகும். இன்னொரு விஷயம், பின் சீட்டுக்குக் கீழ பக்கத்தில ஒரு காத்துத் துவாரம் இருக்கும், ஹைபிரிட் பற்றரி குளிர்றதுக்கு வாகனத்துக்குள்ள இருக்கிற காத்தை அதாலதான் இழுக்குது. பிள்ளையளின்ட கொப்பிப் பைகளை அதுக்கு முன்னால வைச்சு மூடிப் போடாதேங்கோ. ஏசி குளிராத வாகனத்தில பற்றரியும் சேந்து வேகும்.

நிலாவெளி_கரை:
கச்சான் காத்து அடிக்கத் தொடங்கினதில இருந்து எங்கட வாகனத்துக்குக் கீழ தண்ணி சொட்டுறதே இல்லை. முந்தி நிப்பாட்டின இடம் குளமா நிக்கும். அப்ப ஏசி பழுதோ? உள்ளுக்குக் குளிர் இருக்கு.

சீனக்குடா_கூலிங்:
குளிர் இருந்தால் பழுதில்லை. அந்தத் தண்ணி காத்தில இருக்கிற ஈரம். கடல் காத்து வாற நேரம் ஈரம் கூட, ஏசியின்ட சக்தியில நல்ல பங்கு அந்த ஈரத்தைத் தண்ணியாக்கிறதிலயே போகும், அதாலதான் புழுக்கமான நாளில குளிர் காணாத மாதிரி இருக்கும். கச்சான் மலைநாட்டைத் தாண்டி இறங்கி வாற காத்து, சூடு ஆனா காஞ்சது. தண்ணி குறையும். கடல் காத்து திரும்பின பிறகும் சொட்டாமல், கால் வைக்கிற கார்பெட் நனைஞ்சால் வடிகால் குழாய் அடைச்சிருக்கெண்டு அர்த்தம்.

புழுக்க நாளில உள்காத்துப் பட்டனைப் போட்டு ஓடுங்கோ. வெயிலில நிண்ட வாகனத்தை எடுத்தவுடன எல்லாக் கண்ணாடியையும் இறக்கி சந்தி வரைக்கும் ஓடி சூட்டை வெளிய விட்டுப் போட்டு, பிறகு கண்ணாடியை ஏத்தி உள்காத்தில விடுங்கோ.

லிங்கநகர்:
உள்காத்தில எப்பவும் விட்டால் தலையிடி வரும், நித்திரை தூங்கும். நான் எப்பவும் வெளிக்காத்துத்தான்.

சீனக்குடா_கூலிங்:
நீங்க சொல்லுறதிலயும் நியாயம் இருக்கு. நாலு பேர் ஏறி ஹபரணை தாண்டிப் போறதெண்டால் இடைக்கிட வெளிக்காத்துக்கு மாத்தத்தான் வேணும். நான் சொல்லுறது டவுன் ஓட்டத்துக்கும் மத்தியானத்துக்கும். 36 பாகைக் காத்தைத் திரும்பத் திரும்ப வெளியால எடுத்துக் குளிராக்கிறதெண்டால் 660 சிசி எஞ்ஜின் என்ன செய்யும்.

உவர்மலை_ஹயர்:
அண்ணே, எல்லாம் செய்து பாத்திட்டன். கனக்க எழுதப் போறன், பொறுமையா வாசியுங்கோ.

மத்தியானம் ரேஸ் பண்ணிப் பிடிச்சன், குளிர் கூடேல்ல, சத்தம்தான் கூடினது. தாள் ஒட்டவே இல்லை, விட்டவுடன கீழ விழுந்தது. ஆனா ஃபேன் சுத்துது, பக்கம் மாறியும் சுத்தேல்ல. பிறகு மனிசி உள்ளுக்கு இருந்து வெண்டில கை வைக்க, நான் தண்ணி விட்டன், குளிருது குளிருது எண்டு உள்ளுக்கிருந்து கத்துறா. டக் டக் சத்தமும் அப்பவே நிண்டுது.

அதுக்குப் பிறகு முன் பம்பரைக் கழட்டினம். கொண்டென்சரின்ட முன்பக்கம் பாத்தால் பெரிசா ஒண்டும் இல்லை, சாதாரண தூசி. டோர்ச் அடிச்சு கொண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில பாத்தால் அங்கதான் எல்லாம். செம்மண் தூசி, பூச்சி, வேப்பம் சருகு எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கோட சேந்து கம்பளி மாதிரி ஒரு படை, விரலால உரிச்சு எடுக்கலாம், உரிச்ச இடத்தில மற்றப் பக்க வெளிச்சம் தெரியுது. முன்னால நிண்டு பாக்கிற ஒருத்தருக்கும் அது தெரியாது. பின்பக்கத்தில இருந்து முன்னுக்கு மெதுவான தண்ணியால கழுவினம், சேர்விஸ் ஸ்டேஷன் பிரெஷர் வோஷர் வேண்டாம் எண்டு சொன்னன், ஃபின்ஸ் (மெல்லிய தகடுகள்) மடங்கும் எண்டு.

கழுவின பிறகு தாள் ஒட்டிக்கொண்டு நிக்குது. குளிரும் நல்லா வந்துட்டுது, ஆனா உச்சி வெயிலில ஹை சைட் இன்னும் கொஞ்சம் கூட நிண்டது. நிறுவைத் தராசு வைச்சிருக்கிற ஒரு இடத்தில குடுத்து காஸை முழுசா வெளிய எடுத்தால், ஸ்டிக்கரில இருக்கிறதை விட நல்லாக் கூட அடிச்சிருக்கினம். வக்யூம் போட்டு, அளவா நிறுத்து அடிச்சுத் தந்தவை. இப்ப மத்திய வீதியில மத்தியானம் நிண்டாலும் குளிருது. கொம்பிரசர் பழசுதான், அதே கொம்பிரசர்தான்.

மட்கோ_தம்பி:
நல்ல செய்தி அண்ணா. அப்ப அவங்கள் காஸ் அடிச்சவுடன கொஞ்ச நாள் நல்லா இருந்தது ஏன்?

சீனக்குடா_கூலிங்:
தம்பி, அந்த நாளுகளில மப்பா இருந்திருக்கும், இல்லாட்டி வெளியூர் ஓட்டம் கூட இருந்திருக்கும். அடைச்ச கொண்டென்சரில காஸைக் கூட்டினால் வெயில் குறைவான நேரம் பிரச்சினை தெரியாது. வெயில் ஏறினவுடன அமுக்கம் கூடி சுவிட்ச் வெட்டும். ஏசி பிழைச்ச நேரத்தையும் இடத்தையும் சொல்லி வாகனத்தைக் குடுக்கவேணும், அதைக் கேக்காமல் நேர காஸ் சிலிண்டரை எடுக்கிற ஆளிட்ட விடாதேங்கோ.

பாலையூற்று_டீச்சர்:
ஃபில்டர் கழட்டினம், கறுப்பு. மாத்தி, கொயிலும் கழுவினாப் பிறகு வீடு வரைக்கும் காத்து ஒரே மாதிரி வருது. நன்றி அண்ணா. கொப்பிப் பைகளையும் டிக்கிக்கு மாத்திட்டன்.

கிண்ணியா_வான்:
அண்ணன், ஒரு கேள்வி. தூசி போகாம முன் கிரில்லுக்குள்ள நுளம்பு வலை வெச்சுக் கட்டினா என்ன? நம்மட பக்கம் ரெண்டு மூணு வான்ல பாத்தேன்.

சீனக்குடா_கூலிங்:
வேண்டாம் நானா. நுளம்பு வலை காத்தையே குறைக்கும், தூசி படிஞ்சால் இன்னும் அடைக்கும், ஓட்டத்திலயும் ஏசி படுக்கும், எஞ்ஜினும் சூடேறும். கிரில்லுக்கு முன்னால பெரிய லைட்டோ, போர்டோ கட்டியிருந்தாலும் கழட்டுங்கோ. கச்சான் தொடங்க முன்னம் ஒருக்கா, நடுவில ஒருக்கா, எஞ்ஜின் ஆறின பிறகு இடையில டோர்ச் அடிச்சுப் பாத்துக் கழுவினால் காணும். கடற்கரையில நிப்பாட்டுற வாகனம் எண்டால் மாசத்துக்கு ஒருக்கா நல்ல தண்ணி, கிணத்துத் தண்ணி உப்பெண்டால் அதால கழுவாதேங்கோ.